சிறு நகரமும் ஆற்றங்கரையும்: நெய்யாற்றின்கரையின் கணக்கு

திருவனந்தபுரத்திலிருந்து நாகர்கோவில் செல்லும் சாலையில் சுமார் 20 கிலோமீட்டர் தொலைவில் அமைந்துள்ள நெய்யாற்றின்கரை, தன் இருப்பிடத்தைப் பெயரிலேயே சொல்லிவிடும் ஊராகும். இது தாலுகாவின் தலைமையிடம். நீதிமன்றங்கள், சந்தை, பள்ளிகள், பேருந்துப் பணிமனை ஆகியவை இங்கு உண்டு. 2011ஆம் ஆண்டு மக்கள் தொகைக் கணக்கெடுப்பில் நகராட்சியின் மக்கள் தொகை சுமார் 70 ஆயிரம். கணக்கெடுப்புத் துறையின் வகைப்பாட்டின்படி இது இரண்டாம் நிலை நகரம். 1956 நவம்பர் 1ஆம் நாள் மாநிலங்கள் திருத்தியமைக்கப்பட்டபோது விளவங்கோடு, கல்குளம், தோவாளை, அகஸ்தீஸ்வரம் ஆகிய தென் தாலுகாக்கள் சென்னை மாநிலத்துடன் இணைந்தன. அவற்றை அடுத்துள்ள நெய்யாற்றின்கரை தாலுகா கேரளத்திலேயே தங்கியது. 1979இல் திருவனந்தபுரம்–நாகர்கோவில் ரயில் பாதை திறக்கப்பட்டதும் தலைநகரில் பணிபுரிந்துகொண்டு இங்கு குடியிருப்பது எளிதாயிற்று.

இத்தகைய ஊர்கள் கேரளத்தில் மிகப் பல. 2001இல் மாநில மக்களில் சுமார் 26 சதவீதத்தினர் நகரவாசிகளாகக் கணக்கிடப்பட்டனர். 2011இல் அவ்விகிதம் 47.7 சதவீதமாக உயர்ந்தது. இதே பத்தாண்டுகளில் கணக்கெடுப்பு நகரங்களின் எண்ணிக்கை 99இலிருந்து 461 ஆகப் பெருகியது. ஆனால், ஒரு நகரம் வாழத்தக்கதா என்பதை அளக்க எடுக்கப்படும் முயற்சிகள் பெரும்பாலும் இவ்வூர்களை எட்டுவதில்லை. மத்திய வீட்டுவசதி, நகர்ப்புற விவகார அமைச்சகம் 2018இல் வெளியிட்ட எளிதான வாழ்க்கைக் குறியீடு 111 நகரங்களைத் தரவரிசைப்படுத்தியது. அவை பெருநகரங்களும் பொலிவுறு நகரங்களுமே. திறந்தவெளிகள் அக்குறியீட்டின் 15 பிரிவுகளுள் ஒன்றாக இடம்பெற்றது வரவேற்கத்தக்கது. எனினும் திறந்தவெளி என்று சொல்லிக்கொள்ள ஓர் ஆற்றங்கரையைத் தவிர வேறெதுவும் இல்லாத சிறு நகரம் அந்தப் பட்டியலுக்கு வெளியிலேயே நின்றது.

திருவனந்தபுரம் நகரத்தின் நிலை வேறு. அங்கு 19ஆம் நூற்றாண்டில் மன்னராட்சி விட்டுச்சென்ற உயிரியல் பூங்காவும், 1880இல் கட்டி முடிக்கப்பட்ட நேப்பியர் அருங்காட்சியகத்தைச் சூழ்ந்த மரத்தோட்டமும் இருக்கின்றன. விடியற்காலையில் அங்கு நடப்பவர்களின் கூட்டத்தைக் கண்டவர், ஒரு நகரத்திற்கு இத்தகைய இடம் எவ்வளவு தேவை என்பதை உணர்வார். சிறு நகரங்களுக்கு அப்படிப்பட்ட மன்னர் கொடை கிடைக்கவில்லை. அவற்றின் அருங்காட்சியகத் தோட்டம் ஆறுதான். அந்தக் கொடையை அவை எவ்வாறு செலவழித்தன என்பதே இங்கு ஆராயப்படுகிறது.

வெப்பமும் ஈரமும்

திருவனந்தபுரத்தின் வானிலையைப் பற்றி நீண்டகாலப் பதிவுகள் உள்ளன. சுவாதித் திருநாள் மகாராஜா 1837இல் நிறுவிய வானாய்வகம், இந்தியாவின் பழைமையான ஆய்வகங்களுள் ஒன்றாகும். மார்ச், ஏப்ரல் மாதங்களில் பகலின் உச்ச வெப்பநிலை சராசரியாக 33 டிகிரி செல்சியஸ் அளவிலும், ஜூலையில் 30 டிகிரி அளவிலும் இருக்கிறது. வேலூரிலும் மதுரையிலும் 40 டிகிரியைப் பார்த்துப் பழகிய ஒருவருக்கு இது மிதமான தட்பவெப்பம் என்றே தோன்றும். புள்ளிவிவரத்தை மட்டும் பார்த்தால் அவர் எண்ணுவது சரியே. ஒரு மாலை வெளியே நடந்து பார்த்தால் அவருடைய கருத்து மாறக்கூடும்.

உடல் தன்னைக் குளிர்வித்துக்கொள்வது வியர்வை ஆவியாவதன் மூலம். காற்றில் ஏற்கனவே நீராவி நிறைந்திருக்குமானால் வியர்வை எளிதில் ஆவியாகாது, தோலிலேயே தங்கிவிடும். எனவே ஈரக்காற்றில் 33 டிகிரி தரும் தளர்ச்சி, உலர்ந்த காற்றில் அதைவிடச் சில டிகிரி கூடுதலான வெப்பம் தரும் தளர்ச்சிக்கு ஈடாகிவிடும். இந்திய வானிலை ஆய்வுத் துறை வெப்ப அலையை வரையறுக்கும்போது சமவெளிகளுக்கு 40 டிகிரி என்றும், கடலோர நிலையங்களுக்கு 37 டிகிரி என்றும் வேறு வேறு வரம்புகளை வைத்திருப்பது இவ்வுண்மையை ஒட்டியதே. அண்மை ஆண்டுகளில் கோடை தொடங்கியதும், வெயிலில் வேலை செய்யும் தொழிலாளர்களுக்கு நண்பகல் 12 மணி முதல் 3 மணி வரை ஓய்வு அமையும்படி கேரளத் தொழிலாளர் துறை வேலை நேரத்தை மாற்றியமைத்து வருகிறது.

இத்தகைய காலநிலையில் மனிதனுக்கு இதம் அளிப்பவை இரண்டு. ஒன்று நிழல், மற்றொன்று அசையும் காற்று. வீடுகள் நெருங்கிய தெருக்களில் இரண்டும் குறைவு. ஆறு என்பது நகரத்தின் நடுவே திறந்திருக்கும் ஒரு வாய்க்கால் போன்றது; கடற்காற்று தடையின்றி உள்ளே வர அது வழிவிடுகிறது. கரையில் நிற்கும் மரங்கள் நிழல் தருகின்றன. ஆற்று நீர் காற்றை வெகுவாகக் குளிர்விக்கும் என்று எண்ணுவது பொதுவான நம்பிக்கை. ஈரம் மிகுந்த காற்றில் அவ்விளைவு சிறிதே என்பதை மாணவர்கள் கவனிக்க வேண்டும். கரையில் கிடைக்கும் இதத்திற்குப் பெரும்பங்கு காரணம் மரமும் திறந்தவெளியுமே. மரங்களை வெட்டிச் சிமென்ட் நடைபாதை அமைத்து, அதற்கு ஆற்றங்கரைப் பூங்கா என்று பெயரிட்டால், நீர் அருகிலேயே இருந்தும் மக்கள் மாலை 6 மணிக்கு முன் அங்கு வரமாட்டார்கள்.

மழையையும் சொல்ல வேண்டும். கேரளத்தின் ஆண்டு மழை சராசரியாக 3,000 மில்லிமீட்டர் அளவு. திருவனந்தபுரத்தில் அது 1,800 மில்லிமீட்டரை ஒட்டியது. இது குறைவாயினும், தென்மேற்கு, வடகிழக்கு ஆகிய இரண்டு பருவமழைகளிலும் பரவி விழுகிறது. ஏப்ரல், மே மாதங்களிலும் அக்டோபர், நவம்பர் மாதங்களிலும் இடியுடன் கூடிய மழை பெரும்பாலும் பிற்பகலிலோ மாலையிலோதான் வரும். அதாவது, வெளியில் செல்ல மக்களுக்கு ஓய்வு கிடைக்கும் நேரத்தையே மழையும் தேர்ந்துகொள்கிறது.

மாலையின் நீளம்

நெய்யாற்றின்கரை நில நடுக்கோட்டிலிருந்து சுமார் எட்டரை டிகிரி வடக்கே உள்ளது. இங்கு மிக நீண்ட பகலுக்கும் மிகக் குறுகிய பகலுக்கும் உள்ள வேறுபாடு ஏறத்தாழ ஒரு மணி நேரமே. நவம்பரில் மாலை 6 மணியளவில் சூரியன் மறைகிறது. ஜூலையில் அது 6.45 வரை தாமதமாகிறது. ஐரோப்பிய நாடுகளில் கோடைக்காலத்தில் இரவு 9 மணிக்கும் வெளிச்சம் இருப்பதால், தொழிலாளி ஒருவர் வேலை முடிந்தபின் பல மைல் தொலைவிலுள்ள ஏரிக்குச் சென்று திரும்ப முடியும். அங்கு எழுதப்பட்ட பொழுதுபோக்குத் திட்ட நூல்கள் அந்த நீண்ட மாலையை மனத்தில் கொண்டவை. அவற்றின் அளவுகோல்களை அப்படியே இங்கு பொருத்துவதில் பயனில்லை.

இங்கு பள்ளி விட்டு வரும் குழந்தைக்கு மாலையில் இரண்டு மணி நேரம் உண்டு. ஐந்து மணிக்கு உள்ளூர் அலுவலகத்திலிருந்து புறப்படுபவருக்கு ஒரு மணி நேரம். தலைநகரிலிருந்து ரயிலிலோ பேருந்திலோ திரும்புபவருக்கு அதுவும் இல்லை. அவர் வந்து இறங்கும்போது இருட்டிவிடுகிறது. இந்த ஒரு மணி நேரத்தில் அரை மணியைப் பயணத்திற்குச் செலவிட எவரும் விரும்பமாட்டார். ஆதலால் சிறு நகரத்தின் பொழுதுபோக்கிடம் பத்து நிமிட நடையில் எட்டக்கூடியதாக இருத்தல் வேண்டும். பெரியதாகவோ அழகியதாகவோ இருப்பது இரண்டாம் பட்சம்.

நகர அமைப்புக்கான மத்திய அரசின் 2014ஆம் ஆண்டு வழிகாட்டு நெறிகள் ஒருவருக்கு 10 முதல் 12 சதுர மீட்டர் திறந்தவெளி வேண்டும் என்கின்றன. ஊருக்கு வெளியே ஒரே இடத்தில் பெரும் பூங்கா அமைத்தும் இந்த அளவை எட்டிவிடலாம்; ஏட்டில் கணக்கு சரியாகும். குடிமகனுக்கோ வேண்டியது, தன் தெருமுனையிலிருந்து நடந்து சென்று இருட்டுவதற்குள் திரும்பிவரக்கூடிய ஓர் இடம். இதற்கு ஆற்றைப் போல் பொருந்துவது வேறில்லை. பூங்கா ஓரிடத்தில் இருக்கும். ஆறோ நீண்டு செல்வது, பல தெருக்களின் முனைகளைத் தொடுவது. கரைக்கு இறங்கும் வழிகள் திறந்திருந்தால் ஒரே ஆறு பல பூங்காக்களின் வேலையைச் செய்யும். வழிகள் அடைபட்டால், ஆறு இருந்தும் இல்லாததே.

கடவு என்னும் சொல்

தமிழில் துறை, படித்துறை என்று வழங்குவதை மலையாளத்தில் கடவு என்பர். குளிக்கும் கடவு, துணி துவைக்கும் கடவு, தோணி கடக்கும் கடவு என ஒவ்வொரு பயனுக்கும் ஒவ்வோர் இடம் இருந்தது. ஆண்களுக்கும் பெண்களுக்கும் தனித்தனிக் கடவுகள் உண்டு. குழாய் நீரும் வீட்டுக் குளியலறையும் வந்தபின் இவற்றின் தேவை குறைந்தது. இதை முன்னேற்றம் என்றே கொள்ள வேண்டும். மழைக்காலத்தில் வழுக்கும் படிகளில் துணி மூட்டையுடன் இறங்கிய பெண்களின் உழைப்பை எவரும் புகழ்ந்து ஏங்க வேண்டியதில்லை. ஆனால் இம்மாற்றத்தில் ஓர் இழப்பும் உண்டு. வீட்டிற்கு வெளியே இருப்பதற்கு எவரிடமும் காரணம் கூற வேண்டாத ஓர் இடம் பெண்களுக்குக் கடவில் கிடைத்திருந்தது. விளையாட்டுத் திடல், தேநீர்க் கடை, நூலகத் திண்ணை ஆகியவை அந்த வசதியை அவர்களுக்கு அவ்வளவாக அளிக்கவில்லை. வேலை நீங்கியபோது வெளியும் நீங்கிற்று.

ஆற்றங்கரை எல்லோருக்கும் உரிய இடமாக இருந்ததும் இயற்கையாக அமைந்த நிலையன்று. திருவிதாங்கூரில் சாதியின் பெயரால் பல பொது வழிகளும் குளங்களும் பெரும்பாலான மக்களுக்கு மறுக்கப்பட்டிருந்தன. நெய்யாற்றின் கரையிலுள்ள அருவிப்புறத்தில் 1888இல் நாராயண குரு ஆற்றிலிருந்து எடுத்த கல்லைச் சிவலிங்கமாக நிறுவி, சாதி வேற்றுமையின்றி யாவரும் கூடும் இடமாக அக்கரையை ஆக்கினார். திருவிதாங்கூரின் ஆலயப் பிரவேசப் பிரகடனம் வந்தது 1936இல்தான். கரையில் நிற்கும் உரிமை போராடிப் பெறப்பட்டது என்பதை நினைவில் கொண்டால், அது பின்னர் எவ்வாறு கைநழுவியது என்பதும் தெளிவாகும்.

கேரள அரசு 2001இல் ஆற்றங்கரைப் பாதுகாப்பு மற்றும் மணல் அகற்றல் முறைப்படுத்தல் சட்டத்தை இயற்றியது. ஆறுகளைக் காப்பதற்கான நல்ல சட்டம் அது. கடவுக் குழுக்கள், மணல் தணிக்கை, மாவட்ட அளவில் ஆற்று மேலாண்மை நிதி ஆகியவற்றுக்கு அதில் இடமுண்டு. அச்சட்டத்தின் சொற்பொருள் விளக்கத்தில் கடவு என்பதற்குத் தரப்பட்டுள்ள பொருள், மணல் அள்ளப்படும் ஆற்றங்கரை அல்லது நீர்நிலை என்பதாகும். சட்டம் எழுதியவர்கள் அன்றைய நடைமுறையைத்தான் பதிந்தார்கள். அவர்களைக் குறை கூறுவதற்கில்லை. மக்கள் நீரை நோக்கி இறங்கிய இடம், லாரி நீரை நோக்கி இறங்கும் இடமாக அதற்குள் மாறிவிட்டிருந்தது.

விலை உள்ள மணலும் விலை இல்லாத கரையும்

1970களிலிருந்து வளைகுடா நாடுகளில் ஈட்டிய பணம் கேரளத்தில் வீடுகளாக உருவெடுத்தது. கான்கிரீட் கூரைக்கும் சுவர்ப் பூச்சுக்கும் ஆற்று மணல் வேண்டியிருந்தது. கேரளத்தின் 44 ஆறுகளில் பெரும்பாலானவை குறுகிய நீளமுடையவை. நெய்யாறு 56 கிலோமீட்டர் நீளமே கொண்டது, அதன் வடிநிலம் 497 சதுர கிலோமீட்டர். காவிரி போன்ற பேராறு தாங்கக்கூடிய சுரண்டலை இத்தகைய ஆறு தாங்காது. மேலும், 1958இல் நெய்யாறு அணை கட்டி முடிக்கப்பட்டது முதல், அகத்தியமலைச் சரிவுகளிலிருந்து வரும் மணலில் பெரும்பகுதி நீர்த்தேக்கத்திலேயே படிந்துவிடுகிறது. வரவு குறைந்த காலத்திலேயே செலவு பெருகியது.

இதன் விளைவுகளைத் திருவனந்தபுரத்தில் உள்ள புவி அறிவியல் ஆய்வு மையம் உள்ளிட்ட நிறுவனங்கள் கேரள ஆறுகள் பலவற்றில் ஆராய்ந்துள்ளன. ஆற்றின் அடித்தளம் தாழ்கிறது. தளம் தாழ்ந்தால் அருகிலுள்ள கிணறுகளின் நீர்மட்டமும் தாழும். கரை அடிப்புறம் அரிக்கப்பட்டு இடிந்து விழுகிறது. கழிமுகத்தை ஒட்டிய பகுதியில் உப்பு நீர் முன்னிலும் மேலே ஏறுகிறது. இவை யாவும் பொருளாதார நூல்களில் புறவிளைவுகள் என்று வழங்கப்படுபவை. மணலை விற்பவரும் வாங்குபவரும் தம்முள் பேசி முடிக்கும் விலையில், கிணறு வற்றியவரின் நட்டம் சேர்வதில்லை.

இவற்றுடன் சேர்த்து எண்ணப்படாத ஒரு புறவிளைவு உண்டு. மணல் பரந்து, முழங்கால் ஆழத்தில் தெளிந்து ஓடிய இடத்தில்தான் குழந்தைகள் நீந்தக் கற்றார்கள். மணலை அள்ளிய இடத்தில் கயம் விழுகிறது. மேலே பார்த்தால் அமைதியான நீர்ப்பரப்பு. ஒரு காலடி தள்ளினால் ஆளை விழுங்கும் ஆழம். அத்தகைய கடவிற்குக் குழந்தையை அனுப்பப் பெற்றோர் அஞ்சுவது இயல்பு. ஆற்றங்கரை ஊரில் பிறந்து நீந்தத் தெரியாமல் வளரும் தலைமுறை இவ்வாறுதான் உருவாகிறது. பின்னர் நகராட்சியோ பள்ளியோ நீச்சல் குளம் கேட்டு மனுச் செய்யும்போது, ஒருகாலத்தில் விலையின்றிக் கிடைத்ததன் செலவு மதிப்பீட்டில் தெரியவருகிறது.

மணலின் தேவையைக் குறைக்கும் வழிகளும் இல்லாமற் போகவில்லை. திருவனந்தபுரத்தில் குடியேறிய கட்டடக் கலைஞர் லாரி பேக்கர், பூச்சு இல்லாத செங்கல் சுவர்களையும், கால் பங்கு செங்கல்லை மிச்சப்படுத்தும் எலிப்பொறிக் கட்டு முறையையும் பரப்பினார். உள்ளூரில் உள்ள வளர்ச்சி ஆய்வு மையத்தின் கட்டடங்களே அதற்குச் சான்று. எனினும் வீட்டுச் சுவர் வழுவழுப்பாக இருத்தல் அந்தஸ்தின் அடையாளமாகிவிட்ட சமுதாயத்தில் அவரது முறை சிறுபான்மையாகவே நின்றது. 2012 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம், ஐந்து ஹெக்டேருக்குக் குறைந்த பரப்பிலும் சிறு கனிமங்களை எடுக்கச் சுற்றுச்சூழல் அனுமதி தேவை என்று தீர்ப்பளித்தது. அதன்பின் பாறையை நொறுக்கிச் செய்யும் மணல் பெருமளவில் வழக்கத்திற்கு வந்தது. ஆற்றின் சுமை குறைந்தது உண்மை. குவாரி உள்ள மலைகளின் சுமை கூடியதும் உண்மை.

மாணவர்களுக்கு ஒரு கணக்கு

விலையில்லாத பொருளின் மதிப்பை அறிய முடியுமா என்பது பொருளாதாரத்தில் பழைய வினா. 1947இல் அமெரிக்கப் பொருளியல் அறிஞர் ஹெரால்ட் ஹோட்டெலிங், அந்நாட்டின் தேசியப் பூங்காத் துறைக்கு ஒரு வழியைக் கூறினார். பூங்காவிற்கு வருவோர் எவ்வளவு தொலைவிலிருந்து, எவ்வளவு செலவு செய்து வருகிறார்கள் என்பதைக் கொண்டு, அப்பூங்காவிற்கான தேவைக் கோட்டை வரையலாம் என்பது அவர் கருத்து. பயணச் செலவு முறை என்று இது பின்னர் வளர்ந்தது. தொலைதூரத்திலிருந்து மக்கள் வரும் இடங்களுக்கு இது ஏற்றது. பத்து நிமிடம் நடந்து வருவோர் மட்டுமே பயன்படுத்தும் கடவில், வருவோர்க்கிடையே செலவில் வேறுபாடு இல்லாததால் இம்முறைக்குப் பிடி கிடைப்பதில்லை. வீட்டுக்கு அருகில் இருப்பதே கடவின் சிறப்பு. அச்சிறப்பே அதன் மதிப்பைக் கணக்கிலிருந்து மறைத்துவிடுகிறது.

எனவே வேறொரு வழியில், விளக்கத்திற்காக மட்டும், ஒரு கணக்கைப் போடலாம். ஒரு கடவையும் அதையொட்டிய கரையையும் நாள்தோறும் 300 பேர் ஒரு மணி நேரம் பயன்படுத்துவதாகக் கொள்வோம். மழைக்கும் வெள்ளத்திற்குமாக 115 நாட்களைக் கழித்து, ஆண்டுக்கு 250 நாட்கள் என்று வைத்தால், 75,000 மணி நேரம் ஆகிறது. ஒரு மணி நேர இதத்தை 5 ரூபாய் என்று மதித்தால் (ஒரு தேநீரின் விலையைவிட இது குறைவு), ஆண்டுக்கு 3 லட்சத்து 75 ஆயிரம் ரூபாய். எட்டு சதவீத வட்டி வீதத்தில் இதன் மூலதன மதிப்பு 46 லட்சத்து 87 ஆயிரத்து 500 ரூபாய் ஆகும். மணல் ஒரு முறை விற்றுத் தீர்வது. இந்த 75,000 மணி நேரம் ஆண்டுதோறும் விளைவது. 300, 5 ஆகிய இவ்வெண்கள் கருதிக்கொண்டவையே. தம் ஊர்க் கடவில் ஒரு வாரம் நின்று எண்ணிப் பார்க்கும் கல்லூரி மாணவர் இவற்றுக்குப் பதிலாக உண்மையான எண்களை இட முடியும். அதற்கு ஒரு குறிப்பேடும் பென்சிலும் போதும். ஆண், பெண், வயது, வந்த நேரம் என்று நான்கு பத்திகள் வரைந்துகொண்டால், யார் வருகிறார்கள் என்பதோடு யார் வருவதில்லை என்பதும் தெரியவரும். இரண்டாவது செய்தியே திட்டமிடுவோருக்கு அதிகம் உதவும்.

சுற்றுலா வேறு, ஓய்வு வேறு

நெய்யாற்றின் இரு முனைகளும் சுற்றுலா வரைபடத்தில் உள்ளன. மேலே அணையும், 1958இல் அறிவிக்கப்பட்ட வனவிலங்குச் சரணாலயமும். கீழே பூவாறு, ஆறு அரபிக்கடலைச் சேருமிடம், படகுச் சவாரிக்குப் பெயர் பெற்றது. இரண்டிலும் கட்டணம் உண்டு, வரவு உண்டு, ஆண்டறிக்கையில் இடம் உண்டு. இடையிலுள்ள நகரத்தின் கரைக்கு இவற்றுள் எதுவும் இல்லை. சுற்றுலாவுக்கு ஒதுக்கப்படும் தொகை வெளியூராரின் ஒரு நாளுக்கானது. உள்ளூராரின் முந்நூறு மாலைகளுக்கு அது உதவுவதில்லை.

இதற்கு மாறான ஓர் எடுத்துக்காட்டை எல்லைக்கு அப்பால் காணலாம். கன்னியாகுமரி மாவட்டத்தில் அதே பெயருடைய வேறொரு தாமிரபரணியின் கரையில் உள்ள குழித்துறையில், ஆடி அமாவாசையை ஒட்டி நகராட்சி வாவுபலிப் பொருட்காட்சியை நடத்தி வருகிறது. முன்னோருக்குப் பலியிட ஆற்றுக்கு வரும் மக்கள், விதையும் செடியும் வீட்டுப் பொருள்களும் வாங்கிச் செல்கின்றனர். ஆறு இங்கு நகராட்சியின் வரவுக் கணக்கிலும் இடம்பெறுகிறது. ஆண்டில் சில வாரங்களே ஆயினும், வரவு தரும் கரையைத் துப்புரவாக வைக்க வேண்டும் என்ற உணர்வு நிர்வாகத்திற்குத் தானாகவே வந்துவிடும். நெய்யாற்றின் கரையிலும் கர்க்கடக அமாவாசைக்கு மக்கள் திரளுகின்றனர். மறுநாள் கரை மறக்கப்படுகிறது.

நகராட்சியால் இயல்வது

1992இல் நிறைவேறிய 74ஆவது அரசியலமைப்புத் திருத்தம், பூங்காக்கள், தோட்டங்கள், விளையாட்டுத் திடல்கள் ஆகியவற்றை நகராட்சிகளின் பொறுப்புகளுள் சேர்த்தது. கேரளம் 1996 முதல் மக்கள் திட்ட இயக்கத்தின் வாயிலாக உள்ளாட்சிகளுக்கு நிதியையும் வழங்கியது. 2016இல் தொடங்கப்பட்ட ஹரித கேரளம் இயக்கத்தின் கீழ், அழிந்துபோன வரட்டாறு 2017இல் மக்களின் உழைப்பால் மீட்கப்பட்டதும், திருவனந்தபுரத்தில் கிள்ளியாற்றைத் துப்புரவு செய்யும் பணி 2018இல் நடந்ததும் ஊக்கம் தரும் நிகழ்ச்சிகள். ஆனால் ஒரு நாள் துப்புரவுக்குப் பல்லாயிரவர் திரள்வது எளிது. அடுத்த ஆண்டு அதே புதரை வெட்ட இருவருக்குக் கூலி கொடுப்பதே கடினம். பராமரிப்பு என்ற தலைப்பில் பணம் ஒதுக்கும் வழக்கம் நம் திட்டங்களில் பலவீனமானது.

அதற்கும் வழி இருக்கிறது. கேரளம் 2010இல் தொடங்கிய அய்யன்காளி நகர்ப்புற வேலை உறுதித் திட்டம், நகர ஏழைகளுக்கு உடலுழைப்பு வேலை அளிப்பது. கரைக்கு இறங்கும் வழிகளைச் செப்பனிடுதல், மரம் நடுதல், கயிற்று விரிப்பு பதித்துக் கரையைக் காத்தல் ஆகியவை அதற்குப் பொருந்தும் வேலைகள். கயிற்று விரிப்பு கேரளத்திலேயே உற்பத்தியாவதால் கூலியும் பொருளும் மாநிலத்திற்குள்ளேயே தங்கும். கான்கிரீட் சுவரைவிட இது மலிவு என்பதோடு, வெள்ளம் வந்தால் கரை நீரை ஏற்று இறக்கவும் இடம் தருகிறது. 2021 நவம்பரில், தென்மேற்குப் பருவமழை முடிந்துவிட்டது என்று எண்ணியிருந்த வேளையில் பெய்த கனமழையால் இப்பகுதியில் ரயில் பாதையில் மண் சரிந்து திருவனந்தபுரம்–நாகர்கோவில் போக்குவரத்து நின்றது. இத்தகைய ஆற்றின் கரையில் நிலையான கூடாரங்களையும் அலங்கார விளக்குகளையும் அமைப்பது பணத்தை நீரில் விடுவதாகும். நிழல் மரங்கள், கல் படிகள், கயம் உள்ள இடத்தைக் காட்டும் பலகை, 6 மணிக்கு எரியத் தொடங்கும் சில தெருவிளக்குகள் ஆகியவை போதும். கடைசியாகச் சொன்ன விளக்குகளே தலைநகரிலிருந்து இருட்டியபின் திரும்புவோருக்கும், தனியே வரத் தயங்கும் பெண்களுக்கும் கரையைத் திறந்துவிடும்.

முதலில் செய்ய வேண்டியதோ இவற்றினும் சிறிய வேலை. ஆற்றுக்குச் செல்லும் புறம்போக்கு வழிகள் எத்தனை, அவற்றுள் திறந்திருப்பவை எத்தனை என்பதைக் கிராம அலுவலகப் பதிவேட்டுடன் ஒப்பிட்டு ஒரு பட்டியல் தயாரித்தல் வேண்டும். மதில் எழுப்பப்பட்ட வழி, குப்பை கொட்டும் இடமாகிய வழி, வாகன நிறுத்தமாகிய வழி என்று அப்பட்டியல் பிரியும். இதற்கு நிதி தேவையில்லை; நில அளவையரின் சில நாட்கள் தேவை.

நகராட்சியின் கைக்கு எட்டாத ஒன்றும் உண்டு. மார்ச், ஏப்ரல் மாதங்களில் மக்கள் ஆற்றை மிகவும் நாடும்போது ஆற்றில் நீர் மிகவும் குறைகிறது. அணையிலிருந்து எவ்வளவு நீர் விடுவது என்பது பாசனத்தையும் குடிநீரையும் கொண்டு முடிவு செய்யப்படுகிறது. நெய்யாறு இடதுகரைக் கால்வாய் விளவங்கோட்டில் 9,200 ஏக்கருக்குப் பாசனம் அளிக்க வேண்டியது. 2004இல் அந்நீர் நின்றது. தமிழ்நாடு 2012இல் உச்ச நீதிமன்றத்தை அணுகியது. 2017 கோடையில் திருவனந்தபுரம் நகருக்கு நீர் தட்டுப்பட்டபோது, நெய்யாறு நீர்த்தேக்கத்திலிருந்து கரமனையாற்றின் அருவிக்கரைத் தேக்கத்திற்கு இறைத்துத் தலைநகரின் தாகம் தணிக்கப்பட்டது. வயலுக்கு ஒரு துறை பேசுகிறது, குழாய்க்கு ஒரு துறை பேசுகிறது. அணைக்குக் கீழே ஆறு ஆறாக ஓடுவதற்கு இவ்வளவு நீர் விடப்பட வேண்டும் என்ற இனம் நீர்ப் பங்கீட்டில் சேர்க்கப்படுமானால், ஏப்ரல் மாத மாலை 5 மணிக்கு நெய்யாற்றின்கரைக் கடவில் முழங்கால் அளவு நீராவது இருக்கும்.